டிஸ்க் விலகலுக்குச் சின்னத் துளை ஆபரேஷன்: எதை முதலில் செய்வது, எதை அப்புறம் செய்வது

பண்ருட்டி பலா மண்டியில் சுமை தூக்குகிற என் அண்ணனுக்கு இடுப்பு டிஸ்க் விலகி இடது கால் இழுத்துக்கொண்டபோது எனக்கு இதைப் பற்றி ஒன்றும் தெரியாது. டிஸ்க் என்பது முதுகெலும்புகளுக்கு நடுவே மெத்தை மாதிரி இருப்பது, அது பிதுங்கிப் பக்கத்து நரம்பை அமுக்குவதைத்தான் விலகல் என்கிறார்கள். எம்ஆர்ஐ முதலில் எடுத்தோம், சரியான டாக்டரை அப்புறம் பார்த்தோம், காப்பீட்டு அட்டையைக் கடைசியில் தேடினோம். எல்லாம் தலைகீழ். அதற்குப் பிறகு கடலூர், நெல்லிக்குப்பம் பக்கம் தெரிந்தவர்கள் ஐந்து பேருக்குக் கூடவே போய் வந்துவிட்டேன். ஆள்தான் வேறு, தடுமாறுகிற இடம் எல்லாருக்கும் ஒன்றாகவே இருந்தது, அதனால்தான் இதை உட்கார்ந்து எழுதுகிறேன்.

நான் டாக்டர் இல்லை. எந்த மருந்து, எவ்வளவு, எந்தத் தேதி என்பதெல்லாம் உங்கள் டாக்டர் சொல்வதுதான். நான் சொல்லப்போவது வரிசையை மட்டும்.

1. இது இன்றைக்கே ஓட வேண்டிய விஷயமா என்று முதலில் பாருங்கள்

சிறுநீர் வருவது தெரியவில்லை அல்லது முக்கினாலும் வரவில்லை, மலம் அடக்க முடியவில்லை, உட்காரும்போது தரையில் படுகிற இடமும் தொடையின் உள்பக்கமும் மரத்துப்போயிருக்கிறது, இரண்டு காலும் பலமிழக்கிறது. இதில் ஒன்று இருந்தாலும் இந்தக் கட்டுரையை மூடிவிட்டு 108-ஐக் கூப்பிடுங்கள்.

முதுகுத்தண்டின் அடியில் குதிரைவால் மாதிரி கொத்தாகத் தொங்குகிற நரம்புகள் மொத்தமாக அமுங்கினால்தான் இப்படி ஆகும். மணிக்கணக்கு தாமதம்கூட நிரந்தரமாகச் சிறுநீர்க் குழாயோடு வாழ வைத்துவிடக்கூடும். பாதத்தை மேலே தூக்கவே முடியாமல் தொங்கிப்போனாலும் அடுத்த வாரம் பார்க்கலாம் என்று வைக்கக் கூடாது, அன்றைக்கே காட்ட வேண்டும்.

கூச்சம்தான் இங்கே பெரிய தடை. எங்கள் தெருவில் ஒரு அக்கா, "அங்க மரத்துப்போயிருக்கு" என்பதை வீட்டு ஆம்பிளைகளிடம் சொல்ல முடியாமல் இரண்டு நாள் சும்மா இருந்தார். அதனால் கேட்கிற பொறுப்பு கூட இருப்பவருடையது, வாய்விட்டுக் கேட்டுவிடுங்கள்.

2. ஸ்கேனுக்கு முன்னால் கால் எப்படி இருக்கிறது என்று எழுதி வையுங்கள்

எல்லாரும் தாண்டிப்போகிற படி இது. எனக்குத் தெரிந்து இதைவிட முக்கியமான படி இல்லை.

ஒரு தாளில் இவ்வளவும் எழுதுங்கள். எந்தக் கால்? வலி எந்தக் கோட்டில் இறங்குகிறது, முட்டிக்குக் கீழே போகிறதா? எந்த விரல் மரத்திருக்கிறது? இருமினால், தும்மினால் சுரீர் என்று காலுக்கு இறங்குகிறதா? இடுப்பு வலி அதிகமா, கால் வலி அதிகமா? அப்புறம் சுவரைப் பிடித்துக்கொண்டு குதிகாலால் பத்து அடி, முன்பாதத்தால் பத்து அடி நடக்கச் சொல்லிப் பாருங்கள்.

காரணம் இருக்கிறது. இடுப்பில் பெரும்பாலும் விலகுவது எல்4-எல்5 (இடுப்பின் நான்காம், ஐந்தாம் எலும்புக்கு நடுவில்), எல்5-எஸ்1 (ஐந்தாம் எலும்புக்கும் அதற்குக் கீழே உள்ளதற்கும் நடுவில்) என்ற இரண்டு டிஸ்க்குகள்தான். முதலாவது விலகினால் வழக்கமாக முழங்காலுக்குக் கீழே வெளிப்பக்கம், புறங்கால், கட்டைவிரல் என்று போகும், குதிகாலால் நடப்பது கஷ்டமாகும். இரண்டாவது விலகினால் ஆடுசதை, உள்ளங்கால், சுண்டுவிரல் பக்கம் போகும், முன்பாதத்தை ஊன்றி எழும்ப முடியாது. கால் ஒன்று சொல்லி ஸ்கேன் வேறொன்று காட்டினால், அந்த ஆபரேஷனால் வலி போகும் என்று நம்ப முடியாது.

அண்ணனுக்கு நான் கவனித்தது ஒரு செருப்பைத்தான். வாசலில் இருந்து உள்ளே வந்தவர் வலது காலில் மட்டும் செருப்போடு நின்றார், இடது கால் செருப்பு படியிலேயே கழன்று கிடந்தது. "அண்ணே, செருப்பு எங்கே?" என்றேன், குனிந்து பார்த்த பிறகுதான் அவருக்கே தெரிந்தது. டாக்டரிடம் நாங்கள் சொன்னதிலேயே அவர் பேனாவை எடுத்துக் குறித்துக்கொண்டது அதை மட்டும்தான்.

இன்னொன்று, இந்த ஆபரேஷன் கால் வலிக்குத்தான் நன்றாகக் கேட்கும். இடுப்பு வலி மட்டும்தான், காலுக்கு இறங்கவே இல்லை என்றால் டிஸ்க் துண்டை எடுத்து வருகிற லாபம் குறைவு. இதை முன்னாலேயே புரிந்துகொள்ளாதவர்கள் அப்புறம் ஆபரேஷன் தோற்றுவிட்டது என்று புலம்புகிறார்கள்.

3. அவசரம் இல்லையென்றால் ஆறு வாரம் கொடுங்கள்

பிதுங்கி வந்த துண்டை உடம்பே கொஞ்சம் கொஞ்சமாகக் கரைத்துக்கொள்ளும். பெரும்பாலானவர்களுக்கு 6 முதல் 12 வாரத்துக்குள் கால் வலி ஆபரேஷன் இல்லாமலே அடங்கிவிடுகிறது. அதனால்தான் கால் பலம் குறையாதவரை நல்ல டாக்டர்கள் கத்தியை எடுக்க அவசரப்படுவதில்லை.

காத்திருப்பது என்றால் படுத்தே கிடப்பது இல்லை. ஒன்றிரண்டு நாள் ஓய்வு போதும், அதற்கு மேல் படுத்தால் தசை இளைத்து வலி கூடும். தாங்குகிற அளவு நடக்க வேண்டும். வலி மாத்திரையை டாக்டர் சொன்ன நாள் வரைக்கும் மட்டும் போடுங்கள், மெடிக்கலில் அதே சீட்டைக் காட்டி மாதக்கணக்கில் வாங்கித் தின்றால் வயிறும் கிட்னியும் கெடும். நரம்பு அமுங்கியிருக்கிறபோது முதுகில் ஏறி மிதிப்பது, சொடக்கு எடுப்பது, முரட்டுத்தனமாக நீவுவது வேண்டவே வேண்டாம். எண்ணெய் பூசி மெதுவாகத் தடவினால் இதமாக இருக்கும், அதோடு நிறுத்துங்கள்.

சிலருக்கு நரம்பின் பக்கத்தில் ஸ்டீராய்டு ஊசி போடுவார்கள். வலி தணிந்து நாள் கிடைக்கும். சர்க்கரை உள்ளவர்களுக்குச் சில நாள் சர்க்கரை ஏறும், முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

இந்த ஆறு வாரத்திலும் குதிகால் நடையை வாரம் ஒரு முறை பாருங்கள். போன வாரம் முடிந்தது இந்த வாரம் முடியவில்லையென்றால் காத்திருப்பு அங்கேயே முடிந்தது.

4. எம்ஆர்ஐ: டாக்டர் எழுதிய பிறகு

எக்ஸ்ரேயில் டிஸ்க் தெரியாது, எம்ஆர்ஐதான் காட்டும். ஆனால் அது தேவைக்கு மேலேயும் காட்டும். வலியே இல்லாதவர்களுடைய ஸ்கேன்களைத் தொகுத்துப் பார்த்த 2015-ஆம் ஆண்டு ஆய்வு ஒன்றில் 20 வயதுக்காரர்களில் சுமார் 30 சதவீதம் பேருக்கும், 80 வயதுக்காரர்களில் 84 சதவீதம் பேருக்கும் டிஸ்க் வீக்கம் இருந்தது. அதனால் ரிப்போர்ட்டில் நாலு இடத்தில் ‘பல்ஜ்’ (வீக்கம்) என்று போட்டிருப்பதைப் படித்துவிட்டு ராத்திரி தூங்காமல் இருக்காதீர்கள். உங்கள் தாளில் எழுதிய காலோடு எந்த இடம் பொருந்துகிறது என்று டாக்டரிடம் கேளுங்கள், கேள்வி அது ஒன்றுதான்.

உள்ளே போகும்முன் உலோகம் எல்லாம் கழற்ற வேண்டும். நம் ஊரில் ஆண்கள் மறப்பது வெள்ளி அரைஞாண் கொடியை, அதுவும் சரியாகப் படம் எடுக்கிற இடுப்பிலேயே கிடக்கும். தாலிச் சங்கிலி, மெட்டி, மூக்குத்தியை வீட்டிலேயே கழற்றி மஞ்சள் கயிறு மாற்றிக்கொண்டு வந்துவிட்டால் அங்கே பதற்றம் இல்லை. பேஸ்மேக்கர் இருந்தாலோ உடம்புக்குள் கிளிப், துகள் ஏதாவது இருந்தாலோ கட்டாயம் சொல்ல வேண்டும்.

மல்லாந்து அரை மணி நேரம் அசையாமல் படுக்க முடியாது என்றால் அதையும் முன்பே சொல்லுங்கள். முட்டிக்குக் கீழே தலையணை வைப்பார்கள், டாக்டர் சம்மதித்தால் வலி மருந்து கொடுத்து எடுப்பார்கள். ஆடினால் படம் கலங்கும், திரும்ப எடுக்கச் சொல்வார்கள்.

ரிப்போர்ட் தாளோடு படமும் சிடியும் வாங்கிக்கொண்டுதான் கிளம்ப வேண்டும். ஆபரேஷன் செய்பவர் படத்தைத்தான் பார்ப்பார். நின்றுகொண்டும் குனிந்தும் எடுக்கிற எக்ஸ்ரேயும் கேட்பார்கள், அது வீண் செலவு இல்லை. எலும்பு ஒன்றன்மேல் ஒன்று நழுவுகிறதா என்று பார்க்க அதுதான் வழி, நழுவினால் ஆபரேஷன் முறையே மாறும்.

5. எந்த முறை என்பதைக் கடைசியில் பேசுங்கள்

"லேசர்ல பண்ணுவீங்களா டாக்டர்?" என்றுதான் எல்லாரும் ஆரம்பிக்கிறார்கள். சின்னத் துளை என்றால் லேசர் என்று நினைப்பது தவறு. டிஸ்க்கை லேசரால் சூடாக்குவது தனி முறை. இங்கே பேசுகிற மூன்றும் துண்டைப் பிடித்து வெளியே எடுக்கிற முறைகள்.

நுண்ணோக்கி வைத்துச் செய்வதில் தோல் 2 முதல் 3 செ.மீ. வெட்டப்படும். குழாய் வழியாகச் செய்வதில் தசையை எலும்பிலிருந்து உரிக்காமல், ஒன்றன்மேல் ஒன்றாகக் குழாய்களைச் செருகி நாரை விலக்கி, ஏறக்குறைய 2 செ.மீ. அகலக் குழாய்க்குள் வேலை செய்வார்கள். எண்டோஸ்கோப்பில் துளை 1 செ.மீ.க்கும் குறைவு, உப்புநீர் ஓடிக்கொண்டே இருக்க கேமரா வழியாகப் பார்ப்பார்கள், சிலருக்கு அந்த இடத்தை மட்டும் மரக்கவைத்தே முடித்துவிடுவார்கள். மூன்றிலும் எடுப்பது நரம்பை அமுக்குகிற துண்டையும் தளர்ந்து கிடக்கிறதையும்தான். முழு டிஸ்க்கையும் எடுப்பதில்லை.

துளை சின்னதானால் ரத்தப்போக்கு குறையும், தசை வலி குறையும், சீக்கிரம் எழுந்து நடக்கலாம். ஆனால் ஒரு வருஷம் கழித்துக் கால் வலி எப்படி இருக்கிறது என்று பார்த்தால் முறைகளுக்கு நடுவே பெரிய வித்தியாசம் இல்லை. அதனால் உங்கள் டாக்டருக்கு எது கைவந்த வேலையோ அதுவே உங்களுக்கு நல்லது. தழும்பின் நீளத்துக்காக ஊர் ஊராக அலைய வேண்டாம்.

டாக்டரிடம் கேட்க வேண்டியது: எந்த டிஸ்க், எந்தப் பக்கம்? இந்த முறையில் அடிக்கடி செய்கிறீர்களா? உள்ளே போய் எட்டவில்லை என்றால் என்ன செய்வீர்கள்? எலும்புகளைச் சேர்த்துப் பிடிக்கிற ஸ்க்ரூ, ராடு வைக்க வேண்டுமா, ஏன்? முதல்முறை விலகல், கால் வலி, எலும்பு நழுவல் இல்லை என்றால் வழக்கமாக ஸ்க்ரூ தேவைப்படாது. தேவை என்று சொன்னால் காரணம் கேளுங்கள், படத்தை எடுத்துக்கொண்டு இன்னொருவரிடமும் காட்டுங்கள். நம் பக்கத்துக்கு அதற்கு வசதி இருக்கிறது. புதுச்சேரியில் கோரிமேட்டில் ஜிப்மர், கதிர்காமத்தில் இந்திரா காந்தி அரசு மருத்துவக் கல்லூரி, சிதம்பரத்தில் கடலூர் அரசு மருத்துவக் கல்லூரி எல்லாம் ஒரு நாளில் போய் வருகிற தூரம். ஜிப்மருக்குப் போவதானால் காலையில் சீக்கிரம் போய்ச் சீட்டு போடுங்கள், வலியோடு வரிசையில் நிற்க நோயாளியை விடாமல் கூட ஒருவர் போக வேண்டும்.

6. காகிதங்கள்: தேதி குறிப்பதற்கு முன்

காப்பீட்டில் ஆபரேஷனுக்கு முன்னால் அனுமதி வாங்க வேண்டும், அதனால் அட்டை கையில் இல்லாமல் அட்மிட் ஆனால் கைக்காசுதான். தமிழ்நாட்டு முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்துக்கு ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் என்று கிராம நிர்வாக அலுவலர் சான்று, ரேஷன் அட்டை, ஆதார் வேண்டும், ஆட்சியர் அலுவலகத்தில் உள்ள மையத்தில் பதிவு செய்வார்கள்.

மாட்டிக்கொள்ளும் இடம் பெயர். ஆதாரில் இனிஷியல் முன்னால், ரேஷன் அட்டையில் பின்னால், ஒரு எழுத்து வித்தியாசம் என்று எங்களுக்கு நான்கு நாள் போனது. அதை முதலிலேயே ஒத்துப் பாருங்கள்.

இன்னொன்று எல்லை. கடலூர்க்காரருக்கு முள்ளோடை தாண்டினால் வேறு அரசு. தமிழ்நாட்டு அட்டையோடு புதுச்சேரி மருத்துவமனைக்குப் போகிறீர்கள் என்றால் அங்குள்ள காப்பீட்டுக் கவுன்ட்டரில், இந்த அட்டை இந்த ஆபரேஷனுக்குச் செல்லுமா என்று அட்மிட் ஆகும் முன்பே நேரில் கேட்டுவிடுங்கள். தனியார் பாலிசி வைத்திருந்தால் காத்திருப்புக் காலத்தைப் படியுங்கள், டிஸ்க் விலகலுக்கு முதல் 24 மாதம் பணம் தராத பாலிசிகள் நிறைய.

7. வீட்டைத் தயார் செய்வது ஆபரேஷனுக்கு முந்தைய வேலை

வந்த பிறகு பார்க்கலாம் என்று விட்டால் முதல் ராத்திரியே தெரியும். பாயில் படுத்துப் பழகியவர் தரையிலிருந்து எழ இடுப்பை மடக்க வேண்டும், அதனால் முட்டி உயரத்துக்குக் கட்டில் வேண்டும். குந்தி உட்காரும் கழிவறைதான் என்றால் கமோட் நாற்காலி ஒன்றை வாடகைக்காவது எடுங்கள். சோப்பு, துண்டு, போன் சார்ஜர் எல்லாம் இடுப்பு உயரத்தில் இருக்க வேண்டும். கோலம் போடுவது, கொசுவலை செருகுவது, குடம் தூக்குவது யார் என்று முன்பே பேசி முடிவு செய்யுங்கள், இல்லையென்றால் வீட்டுப் பெண்கள் ஐந்தாம் நாளே ஆரம்பித்துவிடுவார்கள்.

படுக்கையிலிருந்து எழும் முறையை இப்போதே பழகுங்கள். தோளும் இடுப்பும் ஒன்றாக, உருட்டிய கட்டை மாதிரி பக்கவாட்டில் திரும்பி, காலைக் கட்டிலுக்கு வெளியே விட்டு, கையை ஊன்றி எழ வேண்டும். வலியில் புதிதாகக் கற்றுக்கொள்ள முடியாது.

சாப்பிடுகிற எல்லா மாத்திரையையும் அட்டையோடு டாக்டரிடம் காட்டுங்கள், சித்த மருந்து உட்பட. ரத்தம் உறையாமல் இருக்கப் போடுகிற மாத்திரையை நிறுத்தச் சொல்வார்கள், ஆனால் இதயத்தில் ஸ்டென்ட் வைத்தவர்கள் இதய டாக்டரைக் கேட்காமல் தாங்களாக நிறுத்தவே கூடாது. சர்க்கரை மாத்திரைகளில் சிலதைச் சில நாள் முன்பே நிறுத்த வேண்டியிருக்கும். பீடி, சிகரெட் விட்டால் புண் சீக்கிரம் ஆறும்.

8. ஆபரேஷன் அன்றைக்கு

‘ஒரு வாய் காபிதானே’ என்று கொடுத்து ஆபரேஷன் தள்ளிப்போனதை இரண்டு முறை பார்த்திருக்கிறேன். பால் சேர்ந்தது எல்லாம் சாப்பாட்டுக் கணக்குதான். வயிற்றில் இருப்பது மயக்கத்தில் மேலே ஏறி நுரையீரலுக்குள் போனால் உயிருக்கே ஆபத்து. மயக்க டாக்டர் சொன்ன நேரத்துக்கு மேல் ஒன்றும் வேண்டாம்.

கையெழுத்துப் போடும் தாளில் பக்கம் சரியாக எழுதியிருக்கிறதா என்று படித்துவிட்டுப் போடுங்கள். உள்ளே வேலை ஒரு மணி, ஒன்றரை மணி என்றாலும் மயக்கம் கொடுத்து, குப்புறப் படுக்கவைத்து, எக்ஸ்ரே வைத்து எலும்பை எண்ணி, அப்புறம் கண் விழிக்கவைத்து வெளியே வர மூன்று மணி நேரம் ஆகும். வெளியே நிற்பவர்கள் பயப்பட வேண்டாம்.

அண்ணனிடமிருந்து எடுத்ததைச் சின்ன டப்பாவில் காட்டினார்கள். வேகவைத்த நண்டுச் சதை மாதிரி வெள்ளையாக நாலு துணுக்கு, எல்லாம் சேர்த்தால் சுண்டுவிரல் நுனி அளவு. மூன்று மாதம் ஒரு மனுஷனைத் தூங்கவிடாமல் செய்தது அதுதான்.

விழித்ததும் கால் வலி பெரும்பாலும் போயிருக்கும். மரத்துப்போனது உடனே போகாது, அதைக் கண்டு கலங்காதீர்கள். சிறுநீர் தானாகப் போகிறதா என்று பார்ப்பார்கள், அன்று மாலையோ மறுநாளோ நடக்க வைப்பார்கள்.

9. வீட்டுக்குப் போகிற பயணம்

பேருந்து வேண்டாம், ஷேர் ஆட்டோ வேண்டவே வேண்டாம். காரின் முன் சீட்டைக் கொஞ்சம் சாய்த்து உட்காரவையுங்கள். புதுச்சேரியிலிருந்து கடலூர் 25 கிலோமீட்டருக்குள்தான், ஆனால் அரியாங்குப்பம், தவளக்குப்பம் நெரிசலில் நேரம் இழுக்கும். கன்னியக்கோயில் பக்கம் நிறுத்தி ஐந்து நிமிடம் நடக்கவைத்துவிட்டுக் கிளம்புங்கள். வேகத்தடையைப் பற்றி டிரைவரிடம் புறப்படும்போதே சொல்லிவிடுங்கள்.

10. முதல் ஆறு வாரம்

வலி போய்விடுகிறது, ஆனால் டிஸ்க்கின் ஓட்டை இன்னும் மூடவில்லை. ஆபத்து அங்கேதான். 100 பேரில் 5 முதல் 10 பேருக்கு அதே இடத்தில் மறுபடி விலகுகிறது. எனக்குத் தெரிந்த ஒருவர் 18-ஆம் நாள், வீட்டில் யாரும் இல்லை என்று கேஸ் சிலிண்டரை நகர்த்தினார். உள்ளே 14.2 கிலோ கேஸ், இரும்போடு சேர்த்தால் 30 கிலோ. அன்று ராத்திரியே கால் பழையபடி இழுத்தது, இரண்டாம் முறை மேஜை ஏறினார்.

குனிவது, தூக்குவது, முறுக்கித் திரும்புவது மூன்றும் கூடாது. இரண்டு மூன்று கிலோவுக்கு மேல் எடை வேண்டாம். நடை மட்டும் தினமும் வேண்டும், ஐந்து பத்து நிமிடமாக நாலைந்து தடவை, வாரா வாரம் கொஞ்சம் கூட்டி. ஒரே மூச்சில் அரை மணி நேரத்துக்கு மேல் உட்காரக் கூடாது, உட்காரும்போதுதான் டிஸ்க்கில் அழுத்தம் கூடும்.

இதைக் கெடுப்பது பார்க்க வருகிற சொந்தக்காரர்கள்தான். ஆப்பிளும் ஹார்லிக்ஸும் வாங்கிக்கொண்டு அன்போடு வருவார்கள், அவர்கள் போகும்வரை படுக்கக் கூச்சப்பட்டு நோயாளி ஒரு மணி நேரம் உட்கார்ந்தே இருப்பார். எங்கள் வீட்டில் அண்ணி ஒரு வழி செய்தார்கள். கால் மணி நேரம் ஆனதும் "டாக்டர் நடக்கச் சொன்ன நேரம், வாங்க" என்று எழுப்பிவிடுவார்கள், வந்தவர்களும் கூடவே தெருமுனை வரை நடந்துவிட்டுப் போவார்கள்.

மலச்சிக்கலை அலட்சியப்படுத்தாதீர்கள், சில வலி மாத்திரைகளால் அது வரும், முக்கினால் முதுகுக்குத்தான் அழுத்தம். தண்ணீர், கீரை, கொய்யாப்பழம், தேவையென்றால் டாக்டர் தருகிற மருந்து. தையல் பிரிக்கும் வரை புண்ணில் தண்ணீர் படக் கூடாது, மஞ்சள், எண்ணெய் எதுவும் தடவக் கூடாது. நரம்புக்குத் தருகிற மாத்திரையைத் திடீரென்று நிறுத்தாதீர்கள், படிப்படியாகக் குறைப்பார்கள். பைக் ஓட்டுவதும் பிசியோதெரபி ஆரம்பிப்பதும் டாக்டர் சொல்கிற நாளில்.

இரண்டாம் மூன்றாம் வாரத்தில் கால் வலி லேசாக எட்டிப் பார்க்கும், நரம்பின் வீக்கம் இன்னும் வடியவில்லை என்று அர்த்தம், வழக்கமாக அடங்கிவிடும். மரத்த விரல் திரும்ப மாதங்கள், சிலருக்கு ஒரு வருஷம்கூட ஆகும்.

11. உடனே திரும்பப் போக வேண்டியது எப்போது

காய்ச்சல், புண்ணில் சீழ் அல்லது சிவந்து வீங்குதல். புண்ணிலிருந்து தெளிந்த தண்ணீர் கசிந்து, எழுந்து உட்கார்ந்தால் தலைவலி, படுத்தால் குறைகிறது என்றால் நரம்பைச் சுற்றியுள்ள உறையில் கசிவு இருக்கலாம். ஆடுசதை வீங்கி வலித்தால் ரத்தக்கட்டு இருக்கலாம், மூச்சும் வாங்கினால் 108. முதல் படியில் சொன்ன சிறுநீர், மலம், மரப்பு விஷயங்கள் எந்த நாளில் வந்தாலும் அன்றே.

12. வேலைக்குத் திரும்புவது

மேஜை வேலைக்காரர்கள் இரண்டு முதல் நான்கு வாரத்தில் போகலாம், நடுநடுவே எழுந்து நடக்கிற வசதி இருந்தால். சுமை வேலைக்குக் குறைந்தது மூன்று மாதம். முதலாளியிடம் இதை ஆபரேஷனுக்கு முன்னாலேயே பேசி வைத்தது எங்களுக்கு உதவியது. அந்தப் பலா சீசன் முழுக்க அண்ணன் தூக்கவில்லை, தராசுப் பக்கம் நின்று எடை எழுதினார். இப்போது தூக்குகிறார், ஆனால் பெரிய பழத்துக்கு இன்னொருவரைக் கூப்பிட்டுக்கொள்கிறார்.

பழைய எம்ஆர்ஐ படம், டிஸ்சார்ஜ் தாள், ஆபரேஷன் குறிப்பு மூன்றையும் ஒரு பையில் போட்டு வெயில் படாத இடத்தில் வையுங்கள். மறுபடி கால் வலி வந்து புது ஸ்கேன் எடுக்கும்போது அங்கே தெரிவது தழும்பா, புதுத் துண்டா என்று பிரித்துப் பார்க்க மருந்து ஏற்றி எடுப்பார்கள், பக்கத்தில் வைத்து ஒப்பிடப் பழைய படத்தைத்தான் முதலில் கேட்பார்கள்.